துடைத்த கதிரை

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றது, இரண்டு என் தங்கை விட்டுப் போனது. அந்தக் கணக்கில் சேர்க்காத எட்டாவது பிள்ளை ஒன்றும் உண்டு. அது ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை. அந்தப் பிள்ளையை வைத்து நான் சொன்ன ஒரு பொய்யைப் பற்றித்தான் இதில் எழுதுகிறேன்.

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. எழுத்துத் தெரியும், கூட்டிக் கூட்டி வாசிப்பேன். கொப்பியில் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் எழுதினால் விரல் மடங்காது. நான் எழுதியதை மகளின் மூத்த பெட்டை, என் பேத்தி, கொம்பியூட்டரில் ஏற்றுகிறாள். அவசரம் ஒன்றும் இல்லை.

ஒஸ்லோவில், ஹவுகன்ஸ்டுவா என்ற பகுதியில், ஏழாம் மாடியில் மகளோடு இருக்கிறேன். எங்கள் கதவைத் திறந்தால் நேரே எதிர்க்கதவு. அந்த வீட்டில் சிலி நாட்டு அம்மா ஒருத்தி தனியாக இருக்கிறா. என்னைவிட இரண்டு வயது இளமை, ஆனால் நடக்கும்போது என்னைவிடக் கிழவி. இதை அவவுக்கும் சொல்லியிருக்கிறேன். தன் நாட்டில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்த காலத்தில் ஓடி வந்தவ. முப்பது வருடமாகியும் நோர்வே பாஷை எனக்குத் தெரிந்த அளவுதான் அவவுக்கும் தெரியும். லிப்டில் சந்தித்தால் குளிர், முழங்கால், பிள்ளைகள் என்று மூன்று சொல் சொல்லுவோம். பிறகு ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தவ மேசையைத் தொட்டு மேசா என்றா, வாசலில் கிடந்த சப்பாத்தைக் காட்டி சப்பாத்தோ என்றா, குசினிக்குள் எட்டிப் பார்த்து கொசீனா என்றா. எனக்குத் திகைப்பு. இந்த மனுசி தமிழ் கதைக்கிறாவோ என்று பார்த்தேன். எங்கள் ஊரைப் போர்த்துக்கீசப் பறங்கி ஆண்டதால் அவன் விட்டுப்போன சொல்லாம், அவர்களுடைய ஊரை ஸ்பானியன் ஆண்டதால் அவன் விட்டுப்போன சொல்லாம், இரண்டு பேரும் அங்கே அயலட்டைக்காரர்களாம். பேத்திதான் விளங்கப்படுத்தினாள். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதம்.

ஊரில் கடல் எழும்பி வந்து அள்ளிய அடுத்த வருடம் இது நடந்தது. பேத்திக்குப் பதினேழு வயது. பள்ளிக்கூடத்தில் ஸ்பானிய பாஷையும் படித்தாள். அந்த மாசியில் அவளுக்கு ஒரு பெரிய ஒப்காவ கொடுத்திருந்தார்கள். வீட்டில் செய்து கொண்டுபோய் வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் நின்று சொல்ல வேண்டிய பாடவேலை அது. அமெரிக்காப் பக்கம் போய்க் குடியேறிய இங்கிலிஸ்காரரின் ஊர்களையும் ஸ்பானியரின் ஊர்களையும் ஒப்பிட வேண்டும். எப்படி வீடு கட்டினார்கள், எப்படிச் சமைத்தார்கள், ஆரோடு ஆர் சேர்ந்து இருந்தார்கள் என்று. அவர்கள் எந்த நாட்டிலாவது விட்டுப்போன பழக்கங்களுக்குக் கீழே வாழ்ந்த ஆரும் உயிரோடு இருந்தால் அவர்களையும் கேட்டு எழுதலாம் என்று படிப்பிக்கிற மனுசி சொல்லிவிட்டாவாம்.

"எனக்கு உலகம் தேடத் தேவையில்லை," என்றாள் பேத்தி. "ஒரு பக்கம் நீங்கள், மற்றப் பக்கம் எதிர்வீடு. கதவைத் திறந்தாச் சரி."

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாங்கள் மூன்று பேரும் மேசையில் இருந்தோம். நான் பயற்றம் பணியாரம் சுட்டிருந்தேன். சிலி அம்மா பூசணிக்காய் பிசைந்து பொரித்த வட்ட ரொட்டி கொண்டு வந்தா. பேத்தி முதலில் புத்தகத்தில் இருந்ததை எங்கள் இரண்டு பேருக்கும் மாறி மாறிச் சொன்னாள்.

"ஸ்பானியர் ஊர் கட்டேக்கை முதல்லை நடுவிலை ஒரு சதுர வெளி விடுவினமாம் அம்மம்மா. ஒரு பக்கம் தேவாலயம், ஒரு பக்கம் கந்தோர். அதைச் சுத்திப் பெரியாக்களின்ர வீடுகள். தள்ளித் தள்ளிப் போக ஏழையள்."

"இங்கிலிஸ்காரர்?"

"அவை குடும்பத்தோட வந்திறங்கினவை. ஆளுக்கொரு காணி, ஒரு மரவீடு, ஒரு வேலி. அங்கை முந்தி இருந்த சனம் வேலிக்கு அங்காலை. ஸ்பானியர் கனபேர் தனி ஆம்பிளையளா வந்தவை. அவை அந்தச் சனத்தை வீட்டுக்குள்ளை எடுத்தவை, வேலைக்கும் மற்றதுக்கும்."

மற்றதுக்கும் என்று சொல்லிவிட்டு அவள் கொப்பியைப் பார்த்தாள். நானும் பணியாரத் தட்டைப் பார்த்தேன்.

சிலி அம்மா தன் கதையைத் தொடங்கினா. ஸ்பானிய அரசன் போய் எத்தனையோ காலமாம், ஆனால் அவன் கொடுத்த பெரிய காணிகளும் அந்த முறைகளும் பரம்பரையாக இருந்தனவாம். அப்படியொரு காணிக்காரரின் வீட்டில் ஒன்பது வயதில் வேலைக்குப் போனாவாம். அந்த வீட்டுச் சீமாட்டிதான் தனக்கு ஞானத்தாய், ஞானஸ்நானத்தில் தன்னைக் கையில் ஏந்தியவ என்றா. ஒரே குசினி, ஒரே தேவாலயம், சீமாட்டி உடுத்து விட்ட பட்டுச் சட்டை தனக்கு. சொல்லிக்கொண்டு போகப் போக மனுசியின் முதுகு நிமிர்ந்தது. பிறகு என்னைப் பார்த்து ஏதோ கேட்டா. பேத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

"எங்களை ஆரும் வேலிக்கு வெளியிலை நிப்பாட்டேல்லை, உங்கட இங்கிலிஸ்காரர் உங்களோட இருந்து ஒரு கோப்பைத் தேத்தண்ணி குடிச்சவையோ எண்டு கேக்கிறா அம்மம்மா."

எனக்குச் சுட்டது. நான் திருகோணமலையாள். இரண்டாவது உலகச் சண்டை முடிந்த அடுத்த வருடம், பதினைந்து வயதில், துறைமுகத்துக்கு மேலே மேட்டில் இருந்த கப்பற்படைத் துரை ஒருவரின் வங்களாவில் பிள்ளை பார்க்கப் போனவள். நான்கு வருடம் இருந்தேன். இந்த மனுசிக்கு நான் குறைந்தவளோ.

"குடிச்சவையோ எண்டு கேக்கிறாவோ? துரைசானி நத்தாருக்கு என்னைத் தன்ர மேசையிலை இருத்திச் சாப்பாடு போட்டவ எண்டு சொல்லு. முள்ளுக்கரண்டி, கத்தி எல்லாம் வச்சு. துரை எழும்பி வந்து எனக்குக் கதிரையை இழுத்து விட்டவர் எண்டும் சொல்லு."

மேசைக் கதை பழையது. என் பிள்ளைகள் ஏழும் கேட்டு வளர்ந்த கதை. துரை கதிரை இழுத்தது மட்டும் அன்றைக்குத்தான் கதைக்குள் வந்தது.

சிலி அம்மாவின் முகம் கொஞ்சம் இறங்கியது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோசம். பேத்தி தலையைக் குனிந்துகொண்டு வேகமாக எழுதினாள்.

அடுத்த வாரம் திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடத்தால் வந்தபோது முகம் சிவந்திருந்தது. சப்பாத்தைக் கழற்றாமல் குசினி வாசலில் நின்றாள்.

"லேரர் நம்பேல்லை அம்மம்மா."

லேரர் என்றால் படிப்பிக்கிற ஆள். எழுதிக் கொடுத்ததை அந்த மனுசி வாசித்தாவாம். இங்கிலிஸ்காரரின் வீட்டில் வேலைக்காரரைச் சரிசமமாக மேசையில் இருத்தினார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை, உன் அம்மம்மா மாறி நினைக்கிறா போல என்றாவாம்.

"நான் விடேல்லை. என்ர அம்மம்மா பொய் சொல்லமாட்டா எண்டு எல்லாருக்கும் முன்னாலை சொன்னனான். பெடியள் சிரிச்சவங்கள். வெள்ளிக்கிழமை நான் முன்னுக்கு நிண்டு கதைக்க வேணும். அதுக்கு மேசையைக் கீறிக்கொண்டு போகப்போறன். ஆர் ஆர் எங்கை இருந்தவை எண்டு கீறித் தாங்கோ."

வெள்ளைத் தாளும் பென்சிலும் முன்னால் வந்தன. நான் மேசையைக் கீறினேன். நீள மேசை, எட்டுக் கதிரை. துரையின் கதிரை யன்னல் பக்கம், துரைசானியின் கதிரை குசினிக் கதவைப் பார்த்தபடி. சின்னப் பிள்ளைக்கு உயரக் கதிரை. எல்லாம் சரியாக வந்தது, ஏனென்றால் நான்கு வருடம் அந்தக் கதிரைகளைத் தூசி தட்டியவள் நான். என்னை எங்கே இருத்துவது என்று வந்தபோது பென்சில் நின்றுவிட்டது.

"தலை சுத்துது பிள்ளை," என்றேன். "நாளைக்குக் கீறுவம்."

அவள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டு வந்தாள். பிரஷர் குளிசை போட்டனீங்களோ என்று கேட்டாள். அந்தக் கரிசனைதான் என்னைக் குத்தியது.

உள்ளதை இப்போது சொல்லுகிறேன். அந்த வங்களாவுக்கு முன்படி ஐந்து, பின்படி மூன்று. முன்படியில் நான் கால் வைத்ததில்லை. பின்படியில் ஒரு பலகைத் தட்டில் என் தகரப் பேணி இருக்கும். தேத்தண்ணீர் அதில்தான். வீட்டுக் கோப்பைகளோடு அது கழுவுப்படாது, நான் கிணற்றடியில் கழுவ வேண்டும். எனக்கு முன்னால் பிள்ளை பார்த்தவளுக்கு அவர்கள் வைத்த பெயரையே எனக்கும் வைத்தார்கள். புதுப் பெயர் பழக அவர்களுக்கு நேரமில்லை. அடித்ததில்லை, ஏசியதில்லை. கோயில் திருவிழாவுக்கு லீவு தந்தார்கள். ஆனால் எங்கள் கோயில் எந்தப் பக்கம் என்று கேட்டதில்லை. அவர்களுக்குத் தனியே கிளப், தனியே ஆஸ்பத்திரி, தனியே சவக்காலை. பேத்தியின் புத்தகத்தில் இருந்த அதே வேலிதான், கப்பலேறி எங்கள் ஊருக்கும் வந்திருக்கிறது.

ஒரு நத்தார் காலையில், யேசு பிறந்த நாள் என்று, எல்லோரும் தேவாலயத்துக்குப் போய்விட்டார்கள். சின்னப் பிள்ளைக்கு மூன்று வயது, காய்ச்சல், என்னோடு விட்டுப்போனார்கள். மேசை விருந்துக்கு விரித்துக் கிடந்தது. அவள் தன் கதிரையில் ஏற்றிவிடச் சொன்னாள். ஏற்றினேன். தனியே சாப்பிட மாட்டேன் என்று அழுதாள். பக்கத்துக் கதிரையைக் கையால் அடித்து அடித்துக் காட்டினாள். நான் இருந்தேன். அவள் கேக்கில் ஒரு துண்டை முள்ளுக்கரண்டியால் குத்தி என் வாயில் வைத்தாள். நான் அவளுக்கு ஒன்று வைத்தேன். அப்படியே இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு இருந்தோம். அந்தக் கேக்கின் ருசி இன்றைக்கும் தெரியும்.

கார் வந்த சத்தம் கேட்கவில்லை. துரைசானி வாசலில் நின்றா. நான் எழும்பிச் சுவரோடு ஒட்டினேன். தொப்பியைக் கழற்றி வைத்தா. அலுமாரியில் இருந்து ஒரு துணியை எடுத்து, நான் இருந்த கதிரையைத் தன் கையால் துடைத்தா. இருக்கை, முதுகு, கைபிடி, எல்லாம் ஆறுதலாகத் துடைத்தா. என்னைப் பார்க்கவேயில்லை. பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனா.

அவ்வளவுதான். கலியாணம் கட்டிப் புகுந்த வீட்டில் மாமி எல்லோருக்கும் முன்னால் சொன்னா, வெள்ளைக்காரப் பிள்ளையின் பீ அள்ளின கையால் எங்களுக்குச் சோறு போடுறாள் என்று. அன்றைக்கு என் வாயிலிருந்து வந்ததுதான் மேசைக் கதை. என்னை அவை மேசையில் வைத்துச் சாப்பாடு போட்டவை என்றேன். மாமி வாயை மூடினா. பலித்த பொய்யை ஆர் விடுவார்கள். பிள்ளைகளுக்குச் சொன்னேன், அகதி முகாமில் பக்கத்துப் பாய்க்காரிக்குச் சொன்னேன், கடைசியில் ஒஸ்லோவில் சிலிக்காரிக்கும் சொன்னேன். இப்போது அது பேத்தியின் கொப்பியில் ஏறிவிட்டது. என் பொய்யைக் காவிக்கொண்டு அவள் சிரிக்கிற பெடியங்களுக்கு முன்னால் நிற்கப் போகிறாள். உண்மையைச் சொன்னால் என்னை நம்பிச் சண்டை பிடித்த பிள்ளைக்கு வெட்கம். சொல்லாவிட்டால் பொய் பள்ளிக்கூடத்துக் கடுதாசியில் கிடந்துவிடும். எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. இனி நான் சொல்லும் எதையும் அவள் நம்பமாட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை எதிர்க்கதவைத் தட்டினேன். முதலில் ஆருக்காவது சொல்லிப் பழக வேண்டியிருந்தது. நடுவில் நின்று சொல்லப் பேத்தி இல்லை. எங்கள் இரண்டு பேரின் உடைந்த நோர்வே பாஷைதான்.

"மேசை," என்றேன். "நான், மேசை. பொய்."

சிலி அம்மா கோப்பியை ஊற்றிக்கொண்டிருந்தவ நிமிர்ந்து பார்த்தா. நான் எழும்பி, அவவுடைய கதிரையில் இருந்து காட்டினேன். பிறகு எழும்பிச் சுவரோடு நின்று காட்டினேன். பிறகு அவவுடைய குசினித் துணியை எடுத்து அந்தக் கதிரையைத் துடைத்துக் காட்டினேன். இருக்கை, முதுகு, கைபிடி.

மனுசிக்கு எல்லாம் விளங்கியது. என் கையில் இருந்த துணியை வாங்கித் தொட்டிக்குள் எறிந்தா. பிறகு என்னைப் பிடித்து அதே கதிரையில் இருத்திவிட்டுத் தன் பங்கைச் சொன்னா.

"ஞானத்தாய், உண்மை," என்றா. "சம்பளம், இல்லை. பதின்மூன்று வருசம். சீமாட்டி சொல்லுவா, நீ மகள் மாதிரி. மகளுக்கு ஆர் சம்பளம்?"

நிலத்தைக் காட்டினா. சீமாட்டியின் கட்டில் காலடியில், பாயில் படுக்கை. ஒரு மணி அடிப்பது போலக் கையை ஆட்டினா. அந்தச் சத்தத்துக்கு எழும்ப வேண்டுமாம். தேவாலயத்தில் முன்வாங்கு சீமாட்டிக்கு, பின்னால் நிலம் தனக்கு, முழங்காலுக்குக் கீழே போடும் துணியையும் தானே கொண்டு போகவேண்டுமாம். பிறகு தன் மூக்கைத் தொட்டா.

"குசினிக்காரியின்ர மகன். மூக்கு, காணிக்காரரின்ர மூக்கு. எல்லாருக்கும் தெரியும். ஆரும் சொல்லேல்லை."

"எங்களுக்கு வெளியிலை வேலி," என்று நான் கையால் கீறிக் காட்டினேன்.

"எங்களுக்கு உள்ளை," என்று அவ தன் வீட்டுக்குள்ளேயே, கட்டிலுக்கும் நிலத்துக்கும் நடுவில், ஒரு கோடு கீறிக் காட்டினா.

"பட்டுச் சட்டை?" என்று கேட்டேன். அது என் மனதில் கிடந்தது.

"உண்மை," என்றா. பிறகு இரண்டு விரலால் ஒரு ஓட்டையைக் காட்டினா. "பெரிய ஓட்டை."

அந்த மனுசி சிரிக்கத் தொடங்கினா, அது இருமலில் போய் நின்றது. நான் முதுகைத் தடவிவிட்டேன். எனக்கும் கண்ணில் தண்ணீர். நடந்ததைச் சொல்லியும் நான் குறையவில்லை. எதிரில் இருந்தவவும் குறையவில்லை.

அன்று பின்னேரம் பேத்தி வந்து சாப்பிட்டு முடித்தபின் கதவைச் சாத்தச் சொன்னேன். தாளையும் பென்சிலையும் எடுத்தேன். மேசைக்கு வெளியே, குசினிக் கதவுக்கும் அங்கால், பின்படியைக் கீறினேன். அதில் ஒரு பேணியைக் கீறினேன்.

"இதிலைதான் நான் இருந்தனான்," என்றேன். மிச்சத்தையும் சொன்னேன். காய்ச்சல் பிள்ளை, கேக், துணி, பிறகு மாமி.

அவள் தாளில் இருந்த பேணியின் மேல் விரலை வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்ப துரை கதிரை இழுத்தது?"

"அது நீ எழுதின அந்த ஞாயிற்றுக்கிழமை இழுத்தது."

"அம்மம்மா, நான் லேரரோட சண்டை பிடிச்சனான்."

"தெரியும் பிள்ளை. நீ பிடிச்சது சரி. நான் சொன்னதுதான் பிழை. கோவம் எண்டா ஏசு."

அவள் ஏசவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அன்றைக்கும் புதனும் பேத்தி வழக்கமாகத் தரும் தேத்தண்ணீரை மகள்தான் எனக்குக் கொண்டு வந்து தந்தாள். நான் கேட்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. அவளுக்கு நேரம் வேண்டும் என்று இருந்தேன். ஆனால் கோப்பை கைமாறியது எனக்குத் தெரிந்தது. வியாழக்கிழமை அவள் தானாக வந்தாள், கையில் தேத்தண்ணீரும் கொப்பியும். பக்கத்தில் இருந்து கேட்டாள்.

"பேணி என்ன நிறம்?"

"பச்சை. விளிம்பு உரிஞ்சு போனது."

"கிணத்தடிக்கு எத்தினை அடி?"

இப்படி ஒரு மணித்தியாலம் கேட்டாள். பிறகு எதிர்வீட்டுக்குப் போய் இன்னொரு மணித்தியாலம். அங்கிருந்து சிரிப்புக் கேட்டது.

வெள்ளிக்கிழமை நான் வீட்டில் இருக்க முடியாமல் ரயில் ஸ்ரேசன் மட்டும் நடந்து போனேன். பனி உருகி வழி சறுக்கியது. சிலி அம்மாவும் வந்தா, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். ஆர் ஆரைப் பிடிக்கிறார்கள் என்று தெரியாத பிடி. இரண்டு ரயில் வந்து போனது. மூன்றாவதில் அவள் இறங்கினாள். தூரத்திலேயே முகத்தைப் பார்த்தேன். அப்பிள் கடித்துக்கொண்டு வந்தாள். வயிறு எரிகிற பிள்ளை அப்பிள் கடித்துக்கொண்டு வராது.

"என்ன ரெண்டு பேரும் பொலிஸ் மாதிரி நிக்கிறியள்?"

"என்ன நடந்தது? அதைச் சொல்லு முதல்லை."

நடந்துகொண்டே சொன்னாள். முதலில் புத்தகத்தில் உள்ள ஊர்களைச் சொன்னாளாம், சதுர வெளியும் வேலியும். பிறகு ஏழாம் மாடியில் இரண்டு பேர் முதல் நாள் என்ன சொன்னார்கள், பிறகு என்ன சொன்னார்கள் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாளாம். என்ர அம்மம்மா பொய் சொல்லமாட்டா எண்டு நான் சொன்னது பிழை, அவ பொய் சொன்னவ, ஏன் சொன்னவ எண்டு இப்ப கேளுங்கோ என்று தொடங்க, பெடியங்கள் சிரிக்கவில்லையாம்.

"லேரர் ஒரு கேள்வி கேட்டவ அம்மம்மா. முதல் சொன்னது பொய் எண்டா, இப்ப சொல்லுறது உண்மை எண்டு எப்பிடித் தெரியும் எண்டு."

"நீ என்ன சொன்னனீ?"

"என்ர அம்மம்மாவை உங்களுக்குத் தெரியாது, அவ சரியான பெருமைக்காரி, துடைச்ச கதிரையை அவ சும்மா கண்டுபிடிச்சுச் சொல்லமாட்டா எண்டனான்."

"அதுக்கு?"

"தலையை ஆட்டினவ. எழுதினவ. நல்லாத்தான் போனது."

சிலி அம்மா என்ன என்ன என்று என் கையை இழுத்தா. பேத்தி ஸ்பானிய பாஷையில் சொன்னாள். அந்த மனுசி நடுவழியில் நின்று என்னைப் பார்த்து, பெருமைக்காரி என்பதைத் தன் பாஷையில் இரண்டு தரம் சொன்னா. நான் நீயும்தான் என்றேன், தமிழில். அது அவவுக்கு விளங்கியது.

ஒரு மாதம் கழித்து என் மற்றப் பிள்ளைகளுக்கும் ஒவ்வொருவராக ரெலிபோனில் சொன்னேன். ஒருத்தன், அம்மா அந்த மேசைக் கதை நல்லாயிருந்ததே, அதை ஏன் விட்டியள் என்று கேட்டான். விட்டதால் எனக்கு இலேசாக இருக்கிறது என்றேன். உண்மையும் அதுதான். அந்தச் சின்னப் பிள்ளை கேக் ஊட்டினது பொய்க்குள் மறைந்து கிடந்தது. இப்போது அதை நினைக்கலாம். அவளுக்கு இப்போது அறுபதுக்குக் கிட்ட இருக்கும். கதிரையை ஆர் துடைத்தது என்று அவளுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

இவ்வளவும் எழுதி முடிக்க எனக்கு மூன்று மாதமும் ஒன்றரைக் கொப்பியும் போனது. இனி நீ முதலிலிருந்து வாசி பிள்ளை. ஆறுதலாக, சத்தமாக வாசி, எதிர்க்கதவும் திறந்துதான் இருக்கிறது. எங்கேயாவது ஆரும் எனக்குக் கதிரை இழுத்து விட்டிருந்தால், அது என் பழைய பொய்தான், அந்த இடத்தில் நிப்பாட்டு.